சொட்டும் ஷவர்

நமது ஸ்நான அறையிலுள்ள ஷவர் சில நாட்களாக இரவும் பகலும் சொட்டிக்கொண்டிருந்தது. குற்றம் அதன் தலையில்தான் என்று தீர்மானித்து, புதுத் தலை வாங்கி மாட்டினோம். அதுவும் பழைய தலையைப் போலவே சிரத்தையாகச் சொட்டிற்று!

விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. ஏறக்குறைய 20 லிட்டர். ஒரு குடம் நிறைந்துவிடும். 2019-ம் வருஷம் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறித் தண்ணீர் வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த வருஷம் ஒரு குடத்துக்காக லாரியடியில் காத்து நின்றவர்கள் நாம். இந்தச் சொட்டுச் சத்தத்தில் எப்படித் தூக்கம் வரும்?

மறுநாள் மேல்தொட்டியின் வால்வை மூடிவிட்டு, சுவரிலுள்ள திருகுக் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே அற்ப விலையுள்ள ரப்பர் வாஷர் ஒன்று தேய்ந்து கிடந்தது. அதை மாற்றினோம், சொட்டு நின்றது.

நேயர்களே! மூடிய பிறகு சிறிது நேரம் சொட்டினால், அது தலைக்குள் தங்கிய ஜலம், கவலை வேண்டாம். விடிய விடியச் சொட்டினால் வாஷரைப் பாருங்கள். ஒழுகுவது ஓரிடம், கோளாறு வேறிடம். இதை அறியாததால், புதுத் தலையின் விலை நம் தலையில் விழுந்தது.