அர்த்தராத்திரிக் குடை

‘குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?’

2024 ஜூன் கடைசியில் தமிழ்நாட்டு டீக்கடைகள் அத்தனையிலும் இந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் யாரும் கருணாபுரத்தைப் பார்த்தவர்கள் இல்லை. கள்ளக்குறிச்சி ஊருக்குள்ளேயே, போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தெரு அது. ஜூன் 18 பொழுது சாய பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்கள் மறுநாளிலிருந்து சாகத் தொடங்கினார்கள். சாராயத்தில் மெத்தனால். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக 65 பேருக்கு மேல் செத்தார்கள். பொம்பளைகளும் செத்தார்கள். மூட்டை தூக்கியவர்கள், பெயிண்ட் அடித்தவர்கள், அன்றாடம் கூலிக்குப் போனவர்கள். நெறய பேர் எங்க ஜனங்கள்.

பொணம் வெந்து அடங்குறதுக்குள்ள கணக்குக் கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. பத்து லட்ச ரூபாய் நிவாரணத்தை எதிர்த்து சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். தொகை அதிகம்தான் என்று நீதிமன்றமும் வாய்மொழியாகச் சொன்னது. எங்க உசுருக்கு விலை போடுறதுல இந்த நாட்டுக்கு இருக்கிற அக்கறை, எங்க உசுரு மேல என்னைக்கும் இருந்ததில்லை.

அதே அறிவிப்பில் இன்னொரு வரி இருந்தது. அதை யாரும் சரியாகப் படிக்கவில்லை. அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைகள் பேரில் 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை. ஒருத்தரை இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம். பதினெட்டு வயசு ஆனதும் வட்டியோடு அவர்கள் கைக்கு வரும். அன்றைக்குப் பத்து வயசில் நின்ற பிள்ளைக்கு 2032இல் பணம் வரும். அந்தப் பிள்ளை அதிலிருந்து ஒரு நல்ல வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டு கடைவீதியில் நடந்தால் என்ன பேசுவீர்கள்? எனக்கு இப்பவே கேக்குது. ‘அப்பன் சாராயத்துல செத்தான், புள்ள வாட்ச் கட்டிக்கினு திரியுறான் பாரு.’

2032இல் வரப்போகிற பேச்சுக்கு இப்போதே ஏன் வக்காலத்து என்று கேட்காதீர்கள். அந்தப் பேச்சு ஏற்கனவே இங்கே இருக்கிறது.

எங்க பக்கத்துக் காலனிப் பையன் ஒருத்தன். வயசு இருபத்திமூணு. பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. மூன்று வருசம் சேர்த்ததில் 80 ஆயிரம் கையில் நின்றது. அவனுக்கு ஒரு சுவிஸ் வாட்ச் மேல் ஆசை. விலை 42 ஆயிரம். ‘வாங்கலாமாண்ணா?’ என்று என்னைக் கேட்டான். என்னைக் கேட்பதற்கு முன்னால் வேறு ஆட்களையும் கேட்டிருக்கிறான். செலவுக்குக் காசு கேட்டால் ஒருத்தனும் வர மாட்டான். புத்தி சொல்ல மட்டும் வரிசையில் வருவான்.

அவனை வேலைக்கு வைத்த மேஸ்திரி சொன்னது: ‘ஒனக்கெல்லாம் எதுக்குடா இது?’ அந்த ‘ஒனக்கெல்லாம்’ங்கிற சொல்லைக் கொஞ்சம் பாருங்க. அதில் ஒரு ஊரே இருக்கிறது. ஊர்த்தெருவில் கடை வைத்திருக்கிறவர் சொன்னது, எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான். நம்ம தோழர் ஒருவர், மாசச் சம்பளக்காரர், அவர் சொன்னது: ‘இதெல்லாம் நுகர்வுக் கலாச்சாரம் தம்பி, முதலாளித்துவத்தின் வலை.’ இதைச் சொல்லும்போது அவர் கையிலும் வாட்ச் இருந்தது.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். பழமொழிக்குப் பொழிப்புரை எழுதி மார்க் வாங்கியவன். அந்தப் படிப்பு ஒன்றுக்காவது உதவட்டும். யாரந்த அற்பன்? ஏன் அர்த்தராத்திரியில் குடை பிடித்தான்?

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அம்பேத்கரும் எடுத்து எழுதியிருக்கிறார். தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது. ஆம்பளை முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியை கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பொம்பளை மாராப்பு போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. எட்டாவது தடை: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலுக்குச் செருப்பு போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தானியக் குதிர்கள் நாசமாயின. ஆடு மாடு கொள்ளை போனது.

பகல்ல பிடிக்க விட்டீங்களாடா? அதான் ராத்திரியில பிடிச்சான். ஊரு தூங்குற நேரம் பாத்து, மழையுமில்லாம வெயிலுமில்லாம, எப்படித்தான் இருக்கும்னு ஒரு தடவை விரிச்சுப் பாத்திருப்பான். அதையும் எவனோ ஒளிஞ்சு நின்னு பாத்து பழமொழி ஆக்கிட்டான். அந்தப் பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கே கோடிட்ட இடம் நிரப்பக் கொடுத்தார்கள். நாங்களும் ‘அற்பன்’ என்று நிரப்பினோம்.

எட்டுத் தடையோடு விடவில்லை. 1931 ஜூனில் பதினொரு தடையாக மறுபடி போட்டார்கள். பிள்ளைகள் படிக்கக் கூடாது. சொந்த நிலத்தை மிராசுதாரர்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை 7 மணியிலிருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும் மிராசுதாரர் வயலில் வேலை செய்ய வேண்டும். கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. கவனியுங்கள், ஏழு மணி, ஆறு மணி. மணி அவன் வீட்டில் இருந்தது. நேரம் மட்டும் எங்களுடையது. எங்க பாட்டன் நிழல் பார்த்து வேலைக்குப் போனான், ஆண்டை வாயைப் பார்த்துக் கரையேறினான். அவன் பேரன் மணிக்கட்டில் ஒரு வாட்ச் ஏறினால் ஊருக்கு ஏன் உறுத்துகிறது என்பதற்கு இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

இது பழங்கதை என்பவர்களுக்கு 2012ஐ நினைவூட்டுகிறேன். நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்த டிவி, பீரோ, பைக், நகை, பிள்ளைகளின் சர்டிபிகேட்டு எல்லாம் போயின. அதற்குப் பிறகு பாமக நிறுவனர் ராமதாஸ் பேசியது என்ன? ஜீன்ஸ் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டு எங்க பையன்கள் மயக்குகிறார்கள் என்பதுதான். 1995 ஆகஸ்ட் 31 கொடியன்குளத்தில் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் வாங்கிய சாமான்களை வீடு வீடாகப் புகுந்து உடைத்தது யார்? போலீஸ்.

இந்த ரெண்டு ஊரிலும் யாரும் ஊதாரித்தனம் பண்ணவில்லை. சிக்கனமாக இருந்தார்கள், சேர்த்தார்கள், வீடு கட்டினார்கள். நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் எதைச் செய்யச் சொல்கிறார்களோ அதையேதான் செய்தார்கள். சேத்து வெச்சா எரிக்கிறான். செலவு பண்ணா எரியுறான்.

இப்போது மற்றவர்கள் கட்டிய வாட்சுகளையும் பார்த்துவிடுவோம். 2009 மார்ச்சில் நியூயார்க்கில் காந்தியின் பாக்கெட் வாட்ச், மூக்குக் கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் ஏலத்துக்கு வந்தன. 18 லட்சம் டாலருக்கு எடுத்தவர் விஜய் மல்லையா. அது என்ன காசு? சாராயக் காசு. நாடே கைதட்டியது. 2016இல் கர்நாடக முதல்வராக இருந்த சித்தராமையா கையில் இருந்த ஹப்லோ வாட்ச் 70 லட்சம் என்று பேச்சு வந்தது. அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். 2022 டிசம்பரில் அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை கட்டியிருந்தது ரஃபேல் விமானத்தின் பேரில் வந்த வாட்ச், உலகத்திலேயே 500தான். பில்லைக் காட்டு என்றார்கள். நாலு மாசம் கழித்து, 2023 ஏப்ரலில், காட்டினார். மூணு லட்சம் என்றார். தேசபக்தி என்றார்.

எங்க பையனுக்கு நாலு மாசம் கிடைக்காது. வாட்ச் கட்டின அன்றைக்கு ராத்திரியே பைக்கை நிறுத்தி, ‘எங்கடா அடிச்ச?’ என்று கேட்பார்கள். அவனுக்குக் கட்சி இல்லை, பிரஸ் மீட் இல்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். தினம் 300 ரூபாய்க்கு டாஸ்மாக்கில் குடிக்கிற ஆளுக்கு 140 நாளில் 42 ஆயிரம் போய்விடும். அதே வாட்ச் விலை. நாலரை மாசத்தில் ஒரு வாட்சைக் குடித்துத் தீர்க்கிற எங்க ஆளைப் பார்த்து ‘ஒனக்கெல்லாம் எதுக்குடா’ என்று எந்த மேஸ்திரியாவது கேட்டிருக்கிறானா? ‘அற்பனுக்கு வாழ்வு’ என்று எந்தக் கடைக்காரராவது சொல்லியிருக்கிறாரா? கேட்க மாட்டார்கள். ஏனென்றால் எங்களைக் கீழே தள்ளுகிற செலவு அவர்களுக்கு உறுத்தாது. நிமிர்ந்து நிற்கிற மாதிரி தெரிகிற செலவுதான் உறுத்தும். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். இதில் எங்க தெருவின் பங்கு எவ்வளவு என்று யாரும் பில் கேட்டு வழக்குப் போட்டதில்லை.

ஊருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனி பேசுவது நம்ம தெருவுக்கு. மத்தவங்க காதைப் பொத்திக்கலாம்.

தம்பி, வாட்ச் கம்பெனிக்காரனும் யோக்கியன் இல்ல. ஓசூரில் டைட்டன் கம்பெனியை 1980களில் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். 1983இல் டாஸ்மாக்கைத் தொடங்கியதும் இதே அரசுதான். 2003இலிருந்து சில்லறைக் கடையும் அதுவே நடத்துகிறது. ஒரு கை ஊத்திக் குடுக்குது, ஒரு கை மினுக்குக் காட்டுது. சர்க்காருக்கு ரெண்டுலயும் பங்கு. வெளிநாட்டு வாட்ச்காரன் இன்னும் ஒரு படி மேலே போய், இதைக் கட்டினா மதிப்பு வரும் என்கிறான். வராது. எந்த உலோகத்தைக் கட்டினாலும் ஊர்த்தெரு டீக்கடையில் உன்னை ‘அண்ணே’ என்று கூப்பிட மாட்டான். மதிப்புக்காக வாங்குறதா இருந்தா, அந்தக் காசு தண்டம்.

1927 டிசம்பரில் மகாத்தில் அம்பேத்கர் நம்ம பொம்பளைகளிடம் பேசினார். கழுத்து நிறைய மாலையும், முழங்கை வரைக்கும் வெள்ளிக் காப்பும் ஈயக் காப்பும் போட்டுக்கொள்வது தீண்டப்படாதவர்கள் என்பதற்கு அடையாளம், அதை விட்டொழியுங்கள் என்றார். போட்டால் தங்கம் போடுங்கள், முடியாவிட்டால் எதுவும் வேண்டாம் என்றார். குடித்துவிட்டு வருகிற புருசனுக்கும் மகனுக்கும் சோறு போடாதீர்கள் என்றார். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றார். எல்லாம் ஒரே பேச்சில். நகையும் சாராயமும் படிப்பும் ஒரே கணக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆசைப்படாதே என்று அவர் சொல்லவில்லை. அடுத்தவன் குத்தின அடையாளத்தை உடம்பில் சுமக்காதே என்றுதான் சொன்னார்.

அதனால் உன் ஆசை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா கணக்கு ஒண்ணு இருக்கு. உனக்கு நாள் கூலி 900. 42 ஆயிரம் என்றால் 47 நாள் முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டின காசு. உங்கம்மா பேர்ல குழுக் கடன் இருக்கா? வாரா வாரம் அந்தப் பொம்பளை வூட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்கினு இருக்காளா? இருந்தா மொதல்ல அதைத் தீர்த்துடு. நாளைக்கே சாரத்திலிருந்து விழுந்து காலு ஒடிஞ்சா மூணு மாசத்துக்கு அடுப்பு எரிய மிச்சப் பணம் போதுமா? ஒரு பவுனுக்கு அந்தக் காசு காணாதுதான். ஆனா குண்டுமணித் தங்கமா இருந்தாலும் ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அதை வைத்துக் காசு புரட்டலாம். வாட்சை எந்த அடகுக் கடைக்காரனும் அந்த விலைக்கு வாங்க மாட்டான். கருணாபுரத்தில் அந்த ஜூன் மாசம் ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே ஓடிய பொம்பளைகளைக் கேட்டுப் பார், கையில் கிடக்கிற நூறு ரூபாய்க்கு என்ன பெறுமானம் என்று சொல்வார்கள்.

இந்தக் கணக்கைப் போடுகிற உரிமை உனக்கும், உங்கம்மாவுக்கும், உன் தங்கச்சிக்கும் மட்டும்தான் இருக்கிறது. மேஸ்திரிக்கு இல்லை. கடைக்காரருக்கு இல்லை. வாட்ச் கட்டின தோழருக்கு இல்லை. கணக்கு எனக்கும் இல்லை, நான் கேட்டதற்குப் பதில்தான் சொன்னேன்.

அவன் வாங்கினானா இல்லையா என்று வாசகர்கள் எதிர்பார்ப்பீர்கள். எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் ஒரு பில்தான். வாங்கவில்லை என்றால் ‘பொறுப்பான பையன்’ என்று தட்டிக்கொடுப்பீர்கள். வாங்கினான் என்றால் தலையை ஆட்டுவீர்கள். ரெண்டுமே எங்களுக்கு வேண்டாம்.

கருணாபுரத்துப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயசு வரும். பணம் வரும். சிலது படிக்கும், சிலது வண்டி வாங்கும், ஒண்ணு ரெண்டு வாட்ச்சும் வாங்கும். அப்போது கேள்வி கேட்க வருகிறவர்களிடம் கேட்பதற்கு எங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் அத்தனை பாக்கெட்டு விற்றதே, அந்தக் காசு எந்தெந்தக் கைக்குப் போனது, அந்தக் கைகளில் என்னென்ன வாட்ச் இருக்கிறது? அந்த பில்லை முதலில் கொண்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். கணக்குப் பாத்து வாங்குங்க. வாங்கினா, பகல்ல கட்டுங்க.