வெயிலும் மடுவும்

மன்னார் மாவட்டத்துப் பெரியமடுவிலே வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் வெயில் தானாகச் சோறாவதில்லை. நெல்லிலையின் பச்சையம் கதிரொளியைப் பற்றி, வேர் தரும் நீரையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வெல்லமாக்குகிறது. ஒளியின் சத்தி அதனுள் இரசாயனச் சத்தியாய் உறைகிறது. ஒளியின்றி இது நிகழாதென 1779இல் ஒல்லாந்து மருத்துவர் இங்கன்ஹவுஸ் மெய்ப்பித்தார்.

நீர் வற்றினாலோ, பயிர் தன் இலைவாய்களை அடைத்துக்கொள்கிறது. காபனீரொட்சைட்டு உட்புகாது, கொட்டும் வெயில் பயனற்றுப் போகும். ஆகவே, குளக்கட்டைப் பேணாத ஊர் வெயிலையும் வீணாக்கும் ஊரே.

ஒளித்தொகுப்பைச் சூத்திரமாக மனனஞ் செய்வித்தால் மட்டும் போதாது. ஆசிரியர்கள் மாணவரை வயல் வரம்பில் நிறுத்திக் கற்பிக்கவேண்டும். ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும் ‘மடு’ என்னும் ஊர்ப்பெயரே அதற்கு முதற்பாடமாகட்டும்.