வெறுங்கையோடு வந்தால் என்ன?

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது, என் அப்பா அங்கே டிரைவர். எனக்கு மூன்று வயசு. 8 வருஷ சம்பாத்தியத்தை அப்படியே விட்டுவிட்டு, ஈராக் வழியாக ஜோர்டான் எல்லைக்கு வந்து சேர்ந்தார். பாலைவனத்தில் 12 நாள் கூடாரம். ரொட்டிக்கும் தண்ணீருக்கும் கியூ. பிறகு அம்மான் நகரிலிருந்து விமானத்தில் பம்பாய். அப்படி மீட்கப்பட்ட இந்தியர்கள் சுமார் 1,70,000 பேர்.

ஊருக்கு வந்தவரிடம் உறவுக்காரர்கள், "டேப்ரிக்கார்டர் எங்கே, சென்ட் பாட்டில் எங்கே?" என்றார்களாம். அம்மா மட்டும், "முதல்ல சாப்பிட வாங்க" என்றாராம். அப்பா இன்றும் அதைச் சொல்லிக் கண் கலங்குவார்.

எங்கள் தெருவில் வளைகுடா வேலை போய்த் திரும்பிய ஒருவர், இந்தக் கேள்விக்குப் பயந்தே வெளியில் தலைகாட்டுவதில்லை. தோழிகளே, திரும்பி வருகிறவரிடம் பெட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். முதலில் ஒரு வாய் சோறு போடுங்கள்.