அவர்களும் உட்காரட்டும்



தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். இந்த முறை கடைக்குள் நுழைந்ததும், சேலைகளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா?

இருக்க வேண்டும். அது முதலாளியின் தயவு இல்லை, சட்டம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் திருத்தியது. வேலைக்கு நடுவே ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை போட வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம். ஆண்களுக்கும் சேர்த்துத்தான். நின்றபடி வேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948இன் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அதே உரிமை எழுத்தில் வர, அதற்குப் பிறகு எழுபது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆலையில் நிற்கும் காலுக்கும் கடையில் நிற்கும் காலுக்கும் என்ன வித்தியாசம்?

காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கிற உடம்பு என்ன ஆகும் என்று அந்தக் கடைப் பெண்களுக்குத் தெரியும். பாதம் வீங்கும், கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு விட்டுப்போகும். மாதவிலக்கு நாட்களைச் சொல்லவே வேண்டாம். இதைவிடக் கொடுமை, கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமலே இருப்பது. சிறுநீர்த் தொற்றோடு வேலைக்கு வருகிறவர்கள் அதை வெளியே சொல்வதுகூட இல்லை.

இந்தச் சட்டத்தின் வேர் கோழிக்கோட்டில் இருக்கிறது. அங்கே மிட்டாய்த் தெரு என்று ஒரு பழைய கடைவீதி. தையல் வேலை பார்த்துவந்த பி. விஜி என்ற பெண், அந்தத் தெருவில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. அவ்வளவு பெரிய வியாபாரம் நடக்கும் தெருவில் அதற்குக்கூடப் போராட வேண்டியிருந்தது. கேரளத்தில் தொழிற்சங்கங்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் கடைப் பெண்களின் இந்தக் கஷ்டம் எந்தப் பெரிய சங்கத்துக்கும் முதல் கவலையாக இருக்கவில்லை. அதனால்தான் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

2014ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு எதிரே ஆறு பெண்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக வெளியூருக்கு மாற்றப்பட்டவர்கள் அவர்கள். கடைக்குள் உட்கார அனுமதி இல்லாதவர்கள் தெருவில் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். மலையாளத்தில் அதற்கு ‘இரிக்கல் சமரம்’, அதாவது உட்காரும் போராட்டம், என்று பெயரே வந்துவிட்டது. 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது. மூன்று வருடம் கழித்து அதே போன்ற சட்டம் இங்கே வந்தது.

ஸ்டூல் வந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஸ்டூல் ஓரமாகக் கிடக்கும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். தனியாக ஒருத்தி எதிர்த்துக் கேட்டால் அடுத்த மாதம் அவளுக்கு வேலை இருக்காது. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பேச்சே மாறும். உரிமை என்பது தாளில் இருந்து தரைக்கு இறங்குவது அந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை ஒரு குடும்பத்தின் துயரமாக முடிந்துபோக விடவில்லை. 2022இல் அவர் வேலை செய்த ஆலையின் நிர்வாகமும், அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும், பாலியல் தொல்லையைத் தடுக்கச் சங்கத்தோடு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஆலைக்குள் 25 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பாலியல் தொல்லை நடந்தால் முதலில் போய்ச் சொல்ல, கூடவே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி இருக்கிறாள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதுதான். ஆனாலும் யாரிடம் போவது என்ற பயம் நீங்க, பக்கத்தில் ஒரு தோழி வேண்டியிருக்கிறாள்.

வாடிக்கையாளர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. ‘நாம் போனபோது அந்தப் பொண்ணு எழுந்திருக்கவே இல்லை’ என்று கல்லாவில் போய்க் குறை சொல்கிறவர்கள் நம்மில்தான் இருக்கிறார்கள். அந்தக் குறைக்குப் பயந்துதான் பல கடைகளில் நாற்காலியே வைப்பதில்லை. அடுத்த முறை, உட்கார்ந்திருக்கும் பெண் பதறி எழுந்தால், ‘பரவாயில்லம்மா, உட்காந்தே காட்டுங்க’ என்று சொல்லுங்கள். சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள். இருக்கை இல்லாத கடையில் மேலாளரைக் கூப்பிட்டு ஏன் இல்லை என்று கேளுங்கள். பணம் கொடுக்கிறவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதை அதிகம்.

கடைகளில் வேலை செய்யும் சகோதரிகளே, உங்களில் பலர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் கடையில் இருக்கை உண்டா, கழிப்பறைக்குப் போக நேரம் தருகிறார்களா, கேட்டால் என்ன பதில் வருகிறது, எல்லாவற்றையும் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பெயரையோ கடையின் பெயரையோ வெளியிட மாட்டோம். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுப்பது எப்படி என்று ஒரு தொழிற்சங்க வழக்கறிஞரிடம் கேட்டு, அடுத்த இதழில் விளக்கமாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்