பார்ப்பது இலவசம், பேசுவது ஏலம்

கேபிள் வயர் எப்போதும் ஊரிலிருந்துதான் சேரிக்கு வருகிறது. சேரியிலிருந்து ஊருக்குப் போன கேபிளை யாராவது பார்த்ததுண்டா? தண்ணீர்க் குழாய்க்கும் தார்ச்சாலைக்கும் மின்கம்பத்துக்கும் உள்ள அதே வழித்தடம்தான் தொலைக்காட்சிக்கும். கடைசிக் கம்பத்தில் ஒருவன் கை வைத்தால் போதும், தெருவே இருண்டுபோகும். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் திருவிழாத் தகராறுக்குப் பிறகு காலனிக்கு மட்டும் மூன்று வாரம் கேபிள் வரவில்லை. கேட்டால் ‘லைன் ஃபால்ட்’ என்றார்கள். ஃபால்ட்டுக்கும் சாதி தெரியும் போலிருக்கிறது.

அதனால்தான் மாதக் கட்டணம் இல்லாத அந்தச் சின்ன டிஷ்ஷைப் பற்றி இங்கே பேச வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சியே ஆதிக்கக் கருத்தியலின் பெட்டி, அதைப் பற்றி நமக்கென்ன என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்து சாயங்காலம் சுவரில் சாய்ந்து உட்காரும் அம்மாவிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். “போனில்தான் எல்லாம் வருதே” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போனுக்கு ரீசார்ஜ் வேண்டும். அது ஒருத்தர் கையில் இருக்கும், பெரும்பாலும் பையன் கையில்.

கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு, அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2006இல் வந்த தி.மு.க. ஆட்சி வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. பெட்டி இலவசம், வயருக்கு மாத வாடகை. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. 2019இல் டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறையில் அடிப்படைக் கட்டணம் மட்டும் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 1,840 ரூபாய் 80 காசு. கட்டணச் சேனல்களுக்கு அதற்கு மேலும் தனிப் பணம். நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டில் இது எத்தனை நாள் கூலி என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

பிரசார் பாரதி 2004 டிசம்பரில் ‘டி.டி. டைரக்ட் பிளஸ்’ என்று தொடங்கியதுதான் இன்றைக்கு ‘டி.டி. ஃபிரீ டிஷ்’. டிஷ், பெட்டி, வயர், மாட்டுகிற ஆளின் கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அந்த ஓராண்டுக் கேபிள் பணம்தான். ஒருமுறை போட்டால் முடிந்தது. மாதா மாதம் ரீசார்ஜ் என்று கடைக்காரர் கேட்டால் கொடுக்காதீர்கள், அப்படி ஒன்று இதில் கிடையவே கிடையாது. பெட்டி வாங்கும்போது ‘எம்பெக்-4’ என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் பாதிச் சேனல் வராது. அரசு கொடுத்த பழைய டி.வி.யாக இருந்தாலும் பரவாயில்லை, மஞ்சள் வெள்ளை சிவப்பு முனை உள்ள வயர் இருந்தால் போதும்.

ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நம்ம பக்கத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கு, நல்ல உயரத்தில். அந்தத் திசையில் தென்னையோ புளியமரமோ மறைக்காத இடமாகப் பாருங்கள். டிஷ்ஷைக் காற்றுக்கு ஆடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு ஒருத்தர் கூரைமேல், ஒருத்தர் டி.வி. முன்னால். “வந்துருச்சா?” “வந்துச்சு… போயிருச்சு!” இந்தச் சத்தத்தோடு ஒரு விரற்கடை, அரை விரற்கடையாக நகர்த்தினால் சிக்னல் பட்டை ஏறும். ஏறிய இடத்தில் திருகாணியை முடுக்கிவிட்டு, பெட்டியில் ‘ஆட்டோ ஸ்கேன்’ கொடுங்கள். அடைமழையில் கொஞ்ச நேரம் படம் போகும், மழை விட்டதும் தானே வரும். படித்த தம்பி தங்கைகள் இரண்டு பேர் இதைக் கற்றுக்கொண்டால் ஒரு காலனிக்கே மாட்டிக் கொடுக்கலாம்.

அந்த அலை ஊர்த்தெருவுக்கு ஒரு அளவு, சேரிக்கு ஒரு அளவு என்று விழுவதில்லை. கோபுரத்தின் மேலும் நம்ம தகரக் கூரை மேலும் ஒரே அளவுதான். நடுவில் நின்று நிறுத்தி வைக்க ஒரு மேஸ்திரி கிடையாது. இந்த அளவுக்கு இது விடுதலைதான், சந்தேகமில்லை.

ஆனால் அந்த அலையில் என்ன வருகிறது? பெட்டியைத் திருப்பினால் இந்தி, மறுபடி இந்தி, நடுவே சாமியார்கள். டி.டி. தமிழை விட்டால் தமிழ்ச் சேனல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரிய தனியார் தமிழ்ச் சேனல்கள் கட்டணச் சேனல்கள், இதில் வராது. காரணம் தெளிவானது. ஃபிரீ டிஷ்ஷில் தனியார் சேனலுக்கான இடம் ஏலத்தில் விடப்படுகிறது, ஒரு இடம் கோடிக்கணக்கில் போகிறது. பார்க்கிறவனுக்கு இலவசம், பேசுகிறவனுக்கு ஏலம். கண்மாய் மீன் ஏலத்தில் நம்மை எந்த இடத்தில் நிற்க வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஆகாயத்து ஏலத்தில் மட்டும் முன்வரிசை கிடைத்துவிடுமா?

காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் சொல்லிவிட்டது. பொதுக் குளம், பொதுக் கிணறு என்ற சொற்களின் வரலாறு தெரிந்த நாம் இந்தப் ‘பொது’வையும் உரசித்தான் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும், கூலிகள் பிள்ளைகுட்டிகளோடு நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தைத் தூசி தட்டி ஒளிபரப்பியது. அரசுப் பணத்தில் எடுக்கப்பட்ட ஜப்பார் பட்டேலின் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ 2000ஆம் ஆண்டுப் படம். அதன் தமிழ் வடிவம் இங்கே திரையரங்குக்கு வர 2010 டிசம்பர் ஆயிற்று. எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று முடிவு செய்யும் நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

நம் கையில் ஒரு பிடி இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம், 12ஆம் பிரிவு. சமூக நீதியை வளர்ப்பதும், சுரண்டலையும் ஏற்றத்தாழ்வையும் தீண்டாமை போன்ற கொடுமைகளையும் எதிர்ப்பதும் அந்த நிறுவனத்தின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. இதற்காக யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, அவர்கள் போட்ட சட்டம். ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டிக் கேட்போம். கடந்த ஆண்டு டி.டி. தமிழில் தீண்டாமைக்கு எதிரான நிகழ்ச்சி எத்தனை மணி நேரம்? இரவு எட்டு மணிக்கா, எல்லோரும் வேலைக்குப் போன பகல் பதினொன்றுக்கா? நிகழ்ச்சி செய்தவர்களில் நம்மவர் எத்தனை பேர்? முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மாணவர் கேட்டால் கோப்பில் கிடக்கும். ஒவ்வொரு விடுதியிலிருந்தும் ஒன்று போகட்டும்.

டிஷ்ஷை மாட்டுங்கள் தோழர்களே. கேபிளுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை இரவுப் பள்ளிக்கு எடுத்து வையுங்கள். அங்கேயே ஒரு டி.வி. வைத்தால் பள்ளிப் பாடச் சேனல்களைப் பிள்ளைகள் சேர்ந்து பார்க்கலாம், பெரியவர்கள் செய்தியைப் பார்த்துத் திட்டலாம். திட்டியதை எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கங்களில் போடுவோம். ஏலம் இல்லாமல் நமக்குப் பேசக் கிடைத்திருக்கும் இடம் இப்போதைக்கு இதுதான்.