எத்தனை வீதம் என்று கேட்காதீர்கள், எத்தனை கன மீற்றர் என்று கேளுங்கள்

செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே போனால் வரும் கரடியனாறு, சுற்றியுள்ள வயற்கிராமங்களுக்கு வைத்தியசாலை உள்ள ஊர். மட்டக்களப்பு மாவட்டத்தில் கொவிட் பரவிய காலத்தில் இந்த வைத்தியசாலை தொற்றாளர்களுக்கான சிகிச்சை நிலையமாக மாற்றப்பட்டது. காற்றில் மிதக்கும் கிருமியோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்வது எப்படி என்பதைச் சிறிய வைத்தியசாலைகளின் தாதியரும் சிற்றூழியர்களும் அப்போது நேரடியாக அனுபவித்தார்கள். காசநோய் அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆகவே மின் பிளாஸ்மாவால் காற்றைச் சுத்திகரிக்கும் கருவியை ஒரு நன்கொடையாளர் தர முன்வந்தால் என்ன செய்வது என்பது நம் வாசகர்களுக்கு உண்மையான கேள்வி. காற்று கருவிக்குள் புகுந்து வெளியேறும் வகை என்றால் ஆராயலாம். அயன்களை விடுதிக்குள் பரப்பிவிடும் வகை என்றால் ஏற்க வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இயற்பியலில் இருக்கிறது. இரு மின்வாய்களுக்கிடையே மின்காப்புத் தட்டு ஒன்றை வைத்து உயர் அழுத்த மாறுமின்னோட்டத்தைச் செலுத்தும் முறையை வேர்னர் வொன் சீமென்ஸ் 1857இல் ஓசோன் தயாரிப்பதற்காக உருவாக்கினார். இன்றைய கருவிகள் பலவற்றின் அடிப்படை அதுவே. அப்போது எழும் மின்னிறக்கத்தில், அதாவது பிளாஸ்மாவில், இலத்திரன்கள் மிகுந்த ஆற்றல் பெறுகின்றன, காற்றோ ஏறத்தாழ அறை வெப்பநிலையிலேயே இருக்கிறது. அந்த இலத்திரன்கள் ஒட்சிசனையும் நீராவியையும் உடைத்து ஒட்சிசன் அணுக்களையும் ஐதரொட்சில் மூலிகங்களையும் உண்டாக்குகின்றன. பக்டீரியாவின் மென்சவ்வைச் சிதைப்பதில் இவை மிக வல்லவை, ஆனால் பிறந்த இடத்திலேயே கண நேரத்தில் தீர்ந்துவிடுகின்றன. மின்னிறக்கப் பகுதியைத் தாண்டி நெடுநேரம் பிழைத்திருப்பது ஓசோன்தான். எனவே கிருமி பிளாஸ்மாவுக்குள் போக வேண்டும். பிளாஸ்மா கிருமியைத் தேடிக்கொண்டு கட்டிலருகே வராது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹெரெக் கிளாக்கின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது. மணிகள் நிரப்பிய பிளாஸ்மாக் குழாய்க்குள் காற்றைச் செலுத்தியபோது, அதில் மிதந்த எம்எஸ்2 என்னும் வைரஸில் 99.9 வீதம் செயலிழந்தது அல்லது அகற்றப்பட்டது. காற்று முழுவதும் அந்த மின்னிறக்கத்தின் ஊடாகவே சென்றாக வேண்டிய அமைப்பு அது.

மறு வகைக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படுவது பெருவின் லீமா நகரில் எஸ்கோம்பும் சகாக்களும் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு. அதை முழுமையாக வாசிக்க வேண்டும். எச்ஐவியும் காசநோயும் சேர்ந்த நோயாளிகளின் விடுதியிலிருந்து வெளியேறிய காற்றை 535 நாட்கள் கினிப்பன்றிகளின் கூடுகளுக்குள் செலுத்தினார்கள். பாதுகாப்பு ஏதுமில்லாத கூட்டில் 35 வீத விலங்குகளுக்குத் தொற்று ஏற்பட்டது. எதிர் அயனாக்கி வைத்த கூட்டில் அது 14 வீதம். விடுதியின் மேற்பகுதியில் புற ஊதா விளக்கெரிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்த கூட்டில் 9.5 வீதம். அயனாக்கியின் பலன் மெய்யானது, கவனத்துக்குரியது. ஆனால் அந்த அயனாக்கிகள் பொருத்தப்பட்டிருந்தது விலங்குகளின் கூட்டுக்குள். நோயாளிகள் படுத்திருந்த விடுதியில் வேலை செய்தவை புற ஊதா விளக்குகளும் காற்றைக் கலக்கும் விசிறிகளும். கூட்டில் கிடைத்த பலனை இருபது கட்டில் விடுதிக்கு அப்படியே பெயர்த்துச் சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை. அயனேற்றம் பெற்ற துகள்கள் சுவரிலும் கட்டில் சட்டத்திலும் படிகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். படிந்த கிருமி இறந்த கிருமி ஆகாது. அந்தச் சுவரைத் துடைப்பவர் யார், எதைக் கொண்டு துடைப்பார் என்பதும் கருவியின் செலவில் சேர வேண்டும்.

விற்பனைத் தாள்களில் அச்சாகும் '99.9 வீதம்' பெரும்பாலும் ஒரு சிறு பெட்டிக்குள் அளந்த எண். விடுதிக்கு வேண்டிய கணக்கு வேறு. பொது விடுதிகளில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லீற்றர் புதிய காற்று வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது மணிக்கு 216 கன மீற்றர். பன்னிரண்டு நோயாளிகள் இருந்தால் மணிக்கு 2592 கன மீற்றர். மணிக்கு 300 கன மீற்றர் காற்றை இழுக்கும் ஒரு கருவி, தன்னுள் புகுந்த ஒவ்வொரு கிருமியையும் கொன்றாலும், அந்தத் தேவையில் எட்டில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

இதே எஸ்கோம்பின் குழு 2007இல் லீமாவின் எட்டு வைத்தியசாலைகளில் அளந்ததை இதனருகே வைத்துப் பாருங்கள். யன்னலும் கதவும் முழுதாகத் திறந்தபோது மணிக்கு 28 தடவை காற்று மாறியது. 1950க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய யன்னலும் கொண்ட கட்டிடங்களில் 40 தடவை. இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய தனிமைப்படுத்தல் அறைகளுக்கு வகுத்த அளவே 12 தடவைதான். கிழக்கு மாகாணத்தின் பழைய வைத்தியசாலைக் கட்டிடங்களில் இந்தச் செல்வம் ஏற்கெனவே இருக்கிறது. பளபளப்பான சீரமைப்பு என்ற பெயரில் கூரையைத் தாழ்த்தி, யன்னலை அடைத்து, குளிரூட்டியைப் பொருத்தி அதை நாமே தொலைத்து வருகிறோம். இந்த இதழுக்கு இதைவிடப் பெரிய ஆதங்கம் இல்லை.

இருந்தும் பிளாஸ்மாவுக்கு இடமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பற்சிகிச்சை அறை, சளி மாதிரிகளைக் கையாளும் ஆய்வுகூடம் போன்ற அடைத்துக் குளிரூட்டிய அறைகளில் யன்னலை நம்ப முடியாது. அங்கே காற்றுக் குழாய்க்குள் பிளாஸ்மாவும் அதன் பின்னால் ஓசோனை உறிஞ்சும் கரி வடிகட்டியும் கொண்ட அமைப்பு ஆராயத்தக்கது. அங்கேயும் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியோடு விலையையும் பராமரிப்பையும் ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஓசோன் விடயத்தில் சமரசம் கூடாது. கலிபோர்னியா மாநிலம் வீட்டுக் காற்றுக் கருவிகளுக்கு விதித்துள்ள எல்லை 0.050 பிபிஎம். ஓசோன் வெளியீட்டுக்கான யூஎல் 2998 சான்றிதழுக்கு அது 0.005. ஆஸ்துமா நோயாளி படுத்திருக்கும் விடுதிக்கு இரண்டாவதையே கேளுங்கள். எலுமிச்சை மணமுள்ள தரை கழுவும் திரவத்தோடு ஓசோன் சேர்ந்தால் போர்மல்டிகைட்டும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. காலையில் தரை கழுவியதும் கருவியை இயக்கும் வழக்கம் ஏற்பட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஈரக்காற்றும் உப்பும் உயர் அழுத்த மின்வாய்களை விட்டுவைக்காது. புழுதி படிந்தால் அயனாக்கியின் ஊசிமுனை மின்வாய் வலுவிழக்கும், காப்புப் பரப்பில் மின் கசியும். 2022 மார்ச் இறுதியில் நாடு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டது. மின்சாரம் நின்றதும் பாதுகாப்பும் நின்றுவிடும் ஏற்பாட்டை மட்டும் நம்பி ஒரு காசநோயாளியைப் பொது விடுதியில் அனுமதிக்க முடியாது.

விடுதிக் காற்றைச் சுத்திகரிப்பது எல்லா நோய்க்கும் தீர்வாகாது என்பதற்கு மட்டக்களப்பில் பதிவாகியுள்ள மெலியோய்டோசிஸ் என்னும் தொற்றுநோய் ஓர் எச்சரிக்கை. அதன் பக்டீரியா சேற்றிலும் நீரிலும் வாழ்கிறது. கடும் மழைக்காற்றில் சுவாசத்தின் வழியாகவும் உடலுக்குள் போகிறது. வயலில் நிற்கும் விவசாயிக்கு எந்தக் கருவியும் உதவாது, அவருக்கு வேண்டியது விரைவான நோயறிதல்.

திறந்த யன்னலுக்கும் ஒரு கெட்ட காலம் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் சாரல் அடிக்கிறது, நோயாளிகள் குளிர்கிறது என்கிறார்கள், யன்னல்கள் மூடப்படுகின்றன. டெங்குவுக்காகப் போட்ட நுளம்பு வலையும் தூசி படிந்தால் காற்றைக் கணிசமாகத் தடுக்கும். நன்கொடைப் பணம் கையில் இருந்தால் முதலில் யன்னல்களுக்கு மழைத் தடுப்புக் கூரை, கழற்றிக் கழுவக்கூடிய வலை, வெளியேற்று விசிறி, பிறகு முறையாகப் பொருத்திய மேற்சுவர்ப் புற ஊதா விளக்கு என்ற வரிசையில் செலவிடும்படி பரிந்துரைக்கிறோம். காற்றோட்டம் போதுமா என்று அறியக் காபனீரொட்சைட்டு மானி ஒன்றும் அவசியம். வரும் மாரியில் உங்கள் விடுதியில் யன்னல் மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் அதன் வாசிப்புகளை எடுத்து, கட்டில்களின் எண்ணிக்கையோடும் அறையின் அளவோடும் எங்களுக்கு அனுப்புங்கள். வைத்தியசாலையின் பெயரைக் குறிப்பிடாமல் அவற்றை வெளியிடுவோம்.