ஆறாவது ஆட்டம் எப்போது?

காசிமேட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந் தேதி விசைப்படகுகள் கரையில் நின்று விடும். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. 61 நாள் தடை. ஜூன் 14-ந் தேதியோடு தடை முடியும். படகுகள் மறுபடி கடலுக்குப் போகும்.

அந்த 61 நாளும் மீனவர் வீடுகளில் கஷ்டம்தான். ஆனால் எத்தனை நாள் என்று தெரியும். விரலை மடக்கி எண்ணலாம்.

நாளே தெரியாமல் காத்திருந்தால்?

அப்படியும் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஆண்டுக் கணக்காகக் காத்திருக்கிறது! எதற்காக? ஒரு கம்ப்யூட்டர் ஆட்டத்துக்காக!

என்ன ஆட்டம்?

ஆட்டத்தின் பெயர் "எல்டர் ஸ்க்ரோல்ஸ்". தயாரிப்பது அமெரிக்காவில் உள்ள பெதஸ்டா கம்பெனி.

இது பந்து உதைக்கும் ஆட்டம் அல்ல. கார் ஓட்டும் ஆட்டமும் அல்ல. இது கதை ஆட்டம். கூத்தில் வேடம் கட்டுவது போல, ஆடுகிறவர் ஒரு வேடம் ஏற்கிறார். வீரன் ஆகலாம். மந்திரவாதி ஆகலாம். திருடனாகவும் ஆகலாம்! மலை, காடு, கோட்டை, குகை எல்லாம் திரையில் விரியும். எங்கே போவது? யாரோடு சண்டை? யாரோடு சமாதானம்? ஆடுகிறவரே முடிவு செய்ய வேண்டும்.

பாட்டி சொல்லும் விக்கிரமாதித்தன் கதையை நாம் கேட்டுக்கொண்டிருப்போம். இங்கே நாமே விக்கிரமாதித்தன்!

முதல் ஆட்டம் 1994-ல் வந்தது. இரண்டாவது 1996-ல். மூன்றாவது 2002-ல். நான்காவது 2006-ல். ஐந்தாவது ஆட்டம் 2011 நவம்பர் 11-ந் தேதி வந்தது. அதன் பெயர் "ஸ்கைரிம்". அது 6 கோடிக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-ல் தெரிவிக்கப்பட்டது.

36 வினாடிப் படம்

2018 ஜூன் மாதம். அமெரிக்காவில் ஒரு விழா. "ஆறாவது ஆட்டம் வரும்" என்று அறிவித்தார்கள். ஒரு படமும் காட்டினார்கள். அது ஓடிய நேரம் 36 வினாடி! மலை தெரிந்தது. கடற்கரை தெரிந்தது. பெயர் தெரிந்தது. தேதி மட்டும் தெரியவில்லை!

அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்புக்குப் போன பிள்ளை, 2025-ல் பிளஸ் 2-வுக்குப் போய்விட்டான். 2025-ம் ஆண்டும் முடிந்தது. ஆட்டம் வரவில்லை.

ஏன் தாமதம்?

ஓவியம், இசை, குரல், கணக்கு என்று நூற்றுக்கணக்கானவர்கள் கூடிச் செய்யும் வேலை இது. ஆட்டம் பெரிதாகப் பெரிதாக, ஆண்டும் கூடுகிறது. நடுவில் அந்தக் கம்பெனி "ஸ்டார்ஃபீல்டு" என்ற வேறு ஆட்டத்தில் இறங்கியது. அது 2023 செப்டம்பரில்தான் வெளிவந்தது.

கம்பெனியும் கை மாறியது. பெதஸ்டாவின் தாய்க் கம்பெனியை மைக்ரோசாப்ட் 750 கோடி டாலர் விலை பேசி, 2021-ல் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் 2018-லேயே ஏன் அறிவிக்க வேண்டும்? இங்கேதான் வியாபாரம் இருக்கிறது. பந்திக்கு முன்பே சமையல் வாசனை வந்தால், வந்தவர் எழுந்து போக மாட்டார் அல்லவா? அது போலத்தான் இதுவும். புதியது வரும் என்று காத்திருப்பவர், பழையதை மறக்க மாட்டார். ஐந்தாவது ஆட்டத்தையே மெருகேற்றி 2016-லும் 2021-லும் விற்றார்கள். நான்காவது ஆட்டத்துக்குப் புது வண்ணம் பூசி 2025 ஏப்ரலில் விற்றார்கள்.

பள்ளிக்கு மட்டம்!

இந்த மோகம் புதிதல்ல. 1988 பிப்ரவரி 10-ந் தேதி, புதன்கிழமை. ஜப்பானில் "டிராகன் குவெஸ்ட்" கதை ஆட்டத்தின் மூன்றாம் பாகம் வெளியானது. மாணவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடை வாசலில் நின்றார்கள். போலீசார் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள்!

"பள்ளி நாளில் விற்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள்" என்று இன்றும் பலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. கம்பெனியே பார்த்து, விடுமுறை நாளுக்கு மாற்றிக்கொண்டது.

பெற்றோர் கவனத்துக்கு

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தகப்பனாருக்கு, மகன் திரை முன் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் கோபம் வரும். "சூதாடுகிறாயா?" என்று கேட்பார்.

இது சூதாட்டம் அல்ல. பந்தயப் பணம் கிடையாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அது வேறு, இது வேறு. தெரியாமல் அடிக்கக் கூடாது.

ஆனால் செலவு உண்டு. இப்படிப்பட்ட புது ஆட்டத்தின் விலை சில ஆயிரம் ரூபாய். பல வீடுகளில் அது பல நாள் கூலி. ஆகவே, ஆடும் நேரத்தையும் செலவையும் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது நல்லது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆவலோடு இருப்பவரை ஏமாற்றுவது சுலபம். "ஆறாவது ஆட்டம் இதோ! முன்பணம் கட்டுங்கள்!" என்று செல்போனில் செய்தி வரலாம். கம்பெனியே தேதி சொல்லாத ஆட்டம் யாரிடம் இருக்கும்? அந்தச் செய்தியைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தடைக் காலத்தில் காசிமேட்டு மீனவர் சும்மா இருப்பதில்லை. வலையைச் சரி செய்கிறார். எஞ்சினைப் பழுது பார்க்கிறார். படகுக்கு வர்ணம் அடிக்கிறார்.

நீங்களும் அப்படிச் செய்யலாமே! படம் வரையப் பழகுங்கள். கம்ப்யூட்டர் கணக்கு பழகுங்கள். இந்த ஆட்டங்களைச் செய்கிறவர்களும் ஒரு காலத்தில் ஆடிய பிள்ளைகள்தான்.

ஆட்டம் வருகிறபோது வரட்டும். பரீட்சைக்குத் தேதி உண்டு!